நிறுத்தச் சொன்ன நேரம்

நெல் காயும் களத்தில் செருப்போடு நடக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லித்தந்த முதல் ஒழுக்கம். இன்று காலை இந்தக் காவல் நிலையத்துக்குள் நுழையும்போதும் கை தானாகக் கால் பக்கம் போய்விட்டது. வாசலில் நின்ற ஏட்டு, "பரவால்ல சார், போட்டுக்கினே வாங்க," என்றார். நல்ல மனிதர். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் புருஷோத்தமன். வயது நாற்பத்தொன்று. பிசியோதெரபி படித்தவன். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில் தாண்டவராயன் ரைஸ் மில் எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். தாண்டவராயன் என் அப்பா. மில் நின்று ஆறு வருடம் ஆகிறது. பின்னாலிருக்கும் சிமெண்டுக் களம் மட்டும் இன்னும் வழவழவென்று இருக்கிறது. அந்தக் களத்தில் நான் மூச்சு நோயாளிகளுக்கு இலவசமாக நடைப்பயிற்சி கொடுக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணி. கருவிகள் சென்னையில் ஓர் அறக்கட்டளை கொடுத்தது. களம் எங்களுடையது, உழைப்பு என்னுடையது.

போன மாதம் என் பயிற்சிக்கு வந்த செங்கேணி என்பவர் இறந்துபோனார். அறக்கட்டளைக்காரர்கள் விசாரித்து ஒன்றரைப் பக்கத்தில் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். கருவி காட்டிய எண்ணின் பொருள் எனக்கு விளங்காததால் நேர்ந்த பிழை என்றும், எனக்கு மூன்று நாள் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அந்த எண்ணின் பொருள் எனக்கு நன்றாகவே விளங்கியது. சொல்லப்போனால் இந்த வட்டாரத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. அறிக்கையிலுள்ள அந்தத் தவறைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். நாள்பட்ட நுரையீரல் நோய் வந்தவருக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. உள்ளே போன ஆக்சிஜனை உடம்பு எரித்துவிட்டுக் கரியமில வாயுவைத் திருப்பிக் கொடுக்கிறது. நடந்தால் அது இன்னும் அதிகமாகச் சேரும். நானும் நீங்களும் என்றால் நாலு பெருமூச்சு விட்டுத் தள்ளிவிடுவோம். அவர்களில் சிலரால் அது முடியாது. சன்னல் இல்லாத அடுப்படியில் புகை சேர்கிற மாதிரி ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும். கையையும் காலையும் உதைத்துக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு நிம்மதியான தூக்கமாகத்தான் தெரியும்.

கொரோனா வந்து போனதிலிருந்து எங்கள் ஊர்களில் விரலில் மாட்டும் கிளிப் இல்லாத தெரு கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கூட "ஆக்சிஜன் எவ்ளோ கீது?" என்று கேட்பார். தொண்ணூறுக்கு மேலே என்றால் வீட்டில் இருக்கலாம், கீழே போனால் ஆம்புலன்ஸ். அந்த ஒரு பாடத்தை எல்லோரும் பயந்து பயந்து மனப்பாடம் செய்துவிட்டார்கள். அந்தக் கிளிப் கரியமில வாயுவைக் காட்டாது என்ற இரண்டாவது பாடத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைக் காட்ட வேறொரு கருவி உண்டு. காதுமடலில் ஒட்டவைக்க வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றே ஒன்றுதான். என் மேசைமேல், என் பக்கமாகத் திரும்பி இருந்தது.

செங்கேணி எங்கள் மில்லில் முப்பத்தேழு வருடம் வேலை செய்தவர். அப்பா அவரை "அவன்" என்பார். நான் அப்படிச் சொல்வதில்லை. நாலு பேர் முன்னால் "வாங்க செங்கேணி" என்றுதான் கூப்பிடுவேன், நாற்காலி போட்டு உட்காரச் சொல்வேன். அவர்தான் உட்கார மாட்டார். மில் ஓடிய காலத்தில், அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டு, காலால் கிண்டிவிடுவது அவர் வேலைகளில் ஒன்று. பார்த்திருப்பீர்கள். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள், நெல்லில் வரிவரியாகக் கோடு விழும். இந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி, அந்தக் கோடியில் எடைமேடை. தொட்டியிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து தொட்டிக்கு. அப்பா நிழலில் உட்கார்ந்து ஒரு பிடி நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, "போதும்" என்று சொல்வார். அதற்கு முன்னால் எவரும் நிற்கக் கூடாது. நின்றால் நெல் ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் ஈரமாகவும் போய் அரிசி நொறுங்கிவிடும்.

ஆக, என் பயிற்சியில் அவர் நடந்தது அதே களத்தில், அதே இரண்டு கோடிக்கு நடுவில். இப்போது நெல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மற்றவர்கள் மூச்சு வாங்கினால் தாங்களே உட்கார்ந்துவிடுவார்கள். ராணியம்மாள் என்று ஒருவர் வருவார். மூன்றாவது சுற்றிலேயே உட்கார்ந்துகொண்டு, "போடா, நீ நடந்து பாரு, அப்ப தெரியும் பேஜாரு," என்று என்னையே திட்டுவார். செங்கேணி அப்படி இல்லை. உதடு நீலம் பாய்ந்தாலும் பாதத்தை இழுத்துக்கொண்டு நடப்பார். நான் போதும் என்று சொன்னால்தான் நிற்பார். அதை முதல் நாளே கவனித்துவிட்டேன்.

டாக்டர் நிஷாவும் கவனித்தார். காஞ்சிபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் நுரையீரல் டாக்டர். செங்கேணியின் காதில் கருவியை ஒட்டி, ஐந்து நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தார். சும்மா இருக்கும்போது நாற்பத்தெட்டு, நடந்து முடித்ததும் ஐம்பத்தொன்பது. நாற்பத்தைந்தைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவர ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி உக்கார வைங்க. ஆக்சிஜன் சிலிண்டரத் துளியூண்டுதான் திறக்கணும், அதிகமாக் குடுத்தா இவருக்குத் தூக்கம்தான் வரும். காலைல தலைவலி, பகல்ல தூக்கம்னு சொன்னா நடக்கவே விடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க. அவரா நிக்க மாட்டார் போல, நீங்கதான் நிறுத்தணும். எத்தன மணிக்கு நிறுத்தச் சொன்னீங்கன்னு எழுதியும் வைங்க," என்றார். என் நோட்டில் அவர் கையாலேயே கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தார். தலைப்பு: நிறுத்தச் சொன்ன நேரம்.

இரண்டு மாதம் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். 7.04, 7.09, 7.15. நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், நீங்களே பார்க்கலாம். அந்த இரண்டு மாதத்தில் அவருக்கு உடம்பு தேறியது என்பதையும் சொல்ல வேண்டும். மாடிப்படி ஏற முடிகிறது என்று அவர் மகள் ஏஞ்சல் சந்தோஷப்பட்டாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, பஸ் விட்டு இறங்கி, நேரே வீட்டுக்குப் போய் அப்பாவை ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிவருகிற பெண். கண் சிவந்திருக்கும். ஆனாலும் விரல் கிளிப்பைத் தன் கையாலேயே மாட்டிப் பார்ப்பாள். எனக்கு அந்தப் பெண்மேல் மரியாதை உண்டு.

அந்த ஏஞ்சல்தான் எங்கள் மில்மேல் மனு எழுதியவள். மில்லில் தூசி இழுக்கும் ஃபேனைப் பதினாறு வருடம் ஓடவிடாமல் நிறுத்திவைத்தார்கள், அதிகாரி சோதனைக்கு வரும் நாளில் மட்டும் போட்டார்கள், உமித்தூசி தின்றுதான் தன் அப்பாவின் நுரையீரல் போனது என்று தொழிலாளர் துறைக்கு எழுதியிருந்தாள். விசாரணைக்குத் தேதி வந்தது. நோட்டீஸை அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கியதை நான் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு முதல் மரியாதை வாங்கும் மனிதர்.

செங்கேணி அதற்கப்புறமும் பயிற்சிக்கு வந்தார். மறைக்கவும் இல்லை. "மில்லு வேற, நீங்க வேற சின்னவரே," என்றார். "எம்பொண்ணு எழுதிப் போட்டுட்டா. இன்னா கேக்கப் போறாங்கன்னு தெரியல. கேட்டா உள்ளதத்தான் சொல்லணும்." அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேதிக்கு இன்னும் மூன்று வாரத்துக்குமேல் இருந்தது. பயிற்சிக் கணக்கில் ஒன்பது நாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்பது நாளில் ஒருமுறைகூட நான் அவரை நடங்கள் என்று சொல்லவில்லை. அவர் வருவார், காலைக் கழுவிக்கொண்டு களத்தில் இறங்குவார், நடப்பார். நான் காதில் கருவியை ஒட்டுவேன். தோளில் தொங்கும் சிலிண்டரை டாக்டர் சொன்னதைவிடச் சற்றுத் தாராளமாகத் திறந்துவைப்பேன். தாராளமாக இருப்பதில் என்ன தவறு என்று கேட்டால் ஊரில் யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள். விரல் கிளிப்பில் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று அழகாக நிற்கும். என் பக்கமிருந்த கருவியில் முதல் நாள் அறுபத்திரண்டு. நான்காவது நாள் அறுபத்தொன்பது. பிறகு, நடக்கத் தொடங்கும் முன்பே ஐம்பத்தெட்டு. நான் போதும் என்று சொல்லவில்லை. அதைத் தவிர நான் எதையும் மாற்றவில்லை.

ஏழாவது நாள் ஏஞ்சல் என்னிடம் வந்து நின்றாள். "சார், நைனாக்கு காலைல எய்ந்தா தல வலிக்குதாம். பகல்லயும் தூங்கிக்கினே கீறாரு. நாஷ்டா துன்னும்போதே தூங்கறாரு சார்."

"ஆக்சிஜன் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தாறு கீது."

"நீயே பார்த்தாயா?"

"நாந்தான் சார் பாத்தேன்." அவள் முகம் தெளிந்துவிட்டது. தானே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். நான் பொய் ஏதும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

எட்டாவது நாளில் எனக்கு அந்த எண்கள்மேல் ஒரு பிடிப்பே வந்துவிட்டிருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை ஒரு மனிதர் படிப்படியாக நடந்து காட்டும்போது, தொழில் தெரிந்தவனுக்கு அப்படி ஒரு ஈடுபாடு வருவது இயல்பு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒன்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள் விசாரணை. களத்தில் இறங்கும் முன் கையை நீட்டச் சொன்னேன். நீட்டிய கை மணிக்கட்டில் தொங்கித் தொங்கி எழுந்தது. கரியமில வாயு எல்லை மீறினால் அப்படி ஆகும். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். பனி இறங்கிய காலை. ராணியம்மாளும் மற்றவர்களும் சீக்கிரமே முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஏஞ்சல் ஸ்கூட்டிமேல் உட்கார்ந்தபடி அரைத்தூக்கத்தில் இருந்தாள். அவர் தொட்டியிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து தொட்டிக்கும் நடந்துகொண்டிருந்தார். சிமெண்டில் பாதம் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

பதினோராவது சுற்றில் என் மேசைக்கு நேரே வந்ததும் வேகத்தைக் குறைத்தார். "போதுமா சின்னவரே?" என்றார்.

முப்பத்தேழு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் களத்தில் எவரும் கேட்டதில்லை. நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தெட்டு. எண்ணைப் படிக்கும்போது பேச்சுக் கொடுத்தால் தவறாக எழுதிவிடுவேன், அது என் பழக்கம். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு மேடைப் பக்கம் திரும்பி நடந்தார்.

இன்னும் மூன்று சுற்று. தொட்டியருகே கால் மடங்கி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஏஞ்சல் ஓடிவந்து கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்றேழு. "தூங்கறாரு சார்," என்றாள். "தூங்கட்டும்," என்றேன். அவள் தன் துப்பட்டாவை மடித்து அவர் தலைக்கு அண்டக்கொடுத்தாள். நான் கருவியை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, கிளிப்பில் எண் குறையத் தொடங்கிய பிறகு, ஆம்புலன்ஸுக்கு நானே போன் செய்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிணத்தை எடுத்த அன்று போய் மாலை போட்டேன். ஏஞ்சல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க கூடவே இருந்தீங்க சார். கஷ்டப்படாம போனாரு," என்று அழுதாள். அந்த நேரத்தில் அவளிடம் வேறு என்ன சொல்ல முடியும். தலையசைத்தேன். திரும்பும் வழியில் சுவரொட்டியைப் பார்த்தேன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், சாமுவேல் என்கிற செங்கேணி. அவருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அப்பா களத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். சிமெண்டையே பார்த்தபடி, "போதும்னு சொன்னியாடா?" என்று கேட்டார்.

டாக்டர்கள் கேட்கவில்லை, அறக்கட்டளை கேட்கவில்லை, மருத்துவத்தில் ஒரு எழுத்து தெரியாத கிழவர் கேட்டார். "உங்க காலம் இல்லப்பா இது. வேணும்னா அவரே நின்னிருக்கலாம். யாரும் தடுக்கல," என்றேன். அப்பா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து நான் இருக்கும் நேரத்தில் சாப்பிட உட்காருவதில்லை.

எனக்கு அதுதான் வருத்தம். அவருக்காகத்தான் செய்தேன். அவருக்கு வயதாகிவிட்டது, எது தன் நன்மைக்கு என்று தெரியவில்லை. செங்கேணி விழுந்ததற்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், அவர் என்னை உட்காரவைத்து ஒன்று சொன்னார். மறைத்தேன் என்று இருக்கக் கூடாது, அதையும் எழுதுகிறேன். "திங்கக்கெழம நானே போயி, ஃபேன நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லிடறேன். செங்கேணிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இதுல வராத," என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டிருப்பார்.

ஏனென்றால் ஃபேனை நிறுத்தச் சொன்னது அவர் இல்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். தூசியோடு நல்ல தவிடும் வெளியே போகிறதே என்று தோன்றியது. யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. செங்கேணியைக் கூப்பிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டி, "போதும், இனிமே போடாதே," என்றேன். அவர் போடவில்லை. பதினாறு வருடம் போடவில்லை. பயிற்சிக்கு வந்தபோது அவர் என்னிடம் சொன்னது முழுவதையும் மேலே எழுதவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்: "யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டா, சின்னவருன்னு சொல்லித்தான ஆவணும். மன்னிச்சுக்கோங்க." அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் அப்போதே மனதார மன்னித்துவிட்டேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

ஆகவே, எண் விளங்காமல் நடந்த பிழை என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும். விளங்கித்தான் செய்தேன். தொடக்கத்திலிருந்து கடைசிவரை, ஒவ்வொரு நாளும், தெரிந்தே செய்தேன். அறக்கட்டளைக்காரர்கள் கருவியின் அச்சுத்தாளை மட்டும் வாங்கிப் போனார்கள். இந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. மேசைமேல் வைத்திருக்கிறேன். எண்கள் அத்தனையும் உண்மை. கடைசி ஒன்பது வரிகளைப் பாருங்கள். டாக்டர் நிஷா கோடு போட்ட அந்தக் கட்டம் ஒன்பதிலும் காலியாக இருக்கிறது. நினைத்திருந்தால் வரிக்கு ஒரு நேரத்தை எழுதி நிரப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் சொல்லாததைச் சொன்னதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. செங்கேணி விஷயத்தில் நான் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டேன் என்பதற்கு அந்த ஒன்பது காலிக் கட்டங்களே சாட்சி.